ப்ரோப்பைக் கெர்னலில் ஓட்டுவதா, பயனர்வெளியிலேயே ஓட்டுவதா?

சேவையகக்காரன்

வணக்கம். எங்கள் கட்டணச் சேவை சி++ல் எழுதப்பட்டது. லினக்ஸ் 6.8 கெர்னல் (இயங்குதளத்தின் மையக்கரு), கன்டெய்னருக்குள் ஓடுகிறது. பெரும்பாலான கோரிக்கைகள் இரண்டு மில்லி நொடியில் முடிந்துவிடுகின்றன. நூற்றில் ஒன்று மட்டும் நாற்பது, ஐம்பது மில்லி நொடி வரை இழுத்தடிக்கிறது. பெர்ஃப் என்ற அளவீட்டுக் கருவி கொண்டு மாதிரி எடுத்தால் சிபியு நிதானமாகத்தான் இருக்கிறது. இழுக்கும் கோரிக்கைகள் கூட்டத்தில் கரைந்துபோகின்றன. சோதனைச் சேவையகத்தில் எஸ்டிரேஸ் (சிஸ்டம் கால்களை, அதாவது நிரல் கெர்னலைக் கூப்பிடும் அழைப்புகளைக் காட்டும் கருவி) போட்டுப் பார்த்தேன், சேவை தவழத் தொடங்கிவிட்டது.

என் சந்தேகம் கேஷில் (அடிக்கடி தேவைப்படும் தரவின் தற்காலிகச் சேமிப்பு) தேடும் ஃபங்ஷன் மீது. ஒரு இயந்திரத்தில் நொடிக்குச் சுமார் மூன்று லட்சம் முறை அது அழைக்கப்படுகிறது. அணிக்குள் இரண்டு கட்சிகள். அதன் மீது யூப்ரோப் (ஓடும் நிரலின் கட்டளையில் வைக்கும் ப்ரோப், அதாவது கண்காணிப்புப் புள்ளி) வைத்து ஈபிபிஎஃப் நிரலால் (கெர்னலுக்குள் ஓடும் சிறு நிரல்) அளந்துவிடலாம் என்கிறது ஒன்று. ஒவ்வொரு அழைப்புக்கும் கெர்னலுக்குள் போய் வந்தால் சேவை மூச்சுத் திணறும், பிராசஸுக்குள்ளேயே நூலகத்தை ஏற்றி அளக்க வேண்டும் என்கிறது மற்றது. இதற்கிடையில் பாதுகாப்புப் பிரிவு ரூட் அனுமதி தர யோசிக்கிறது. எந்தப் பக்கம் போவது?

எட்டுகோர்

முதலில் முடிச்சை அவிழ்ப்போம். இதில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன: ப்ரோப் எங்கே நடப்படுகிறது, அது தட்டுப்பட்டவுடன் ஓடும் ஹேண்ட்லர் எங்கே ஓடுகிறது.

கேப்ரோப்: நடுவதும் கெர்னலில், ஓடுவதும் கெர்னலில். யூப்ரோப்: நடுவது உங்கள் நிரலின் கட்டளை மீது, ஆனால் ஹேண்ட்லர் ஓடுவது கெர்னலில். எல்டிடிஎன்ஜி-யின் பயனர்வெளிப் பகுதி, ஃப்ரிடா, டைன்இன்ஸ்ட் போன்ற கருவிகள்: இரண்டுமே பயனர்வெளியில், அதாவது கெர்னலுக்கு வெளியே, உங்கள் பிராசஸுக்குள். உங்கள் அணியின் இரு கட்சிகளும் ப்ரோப் வைக்கும் இடத்தில் ஒத்துப்போகின்றன. ஹேண்ட்லர் ஓடும் இடத்தில்தான் சண்டை.

எஸ்டிரேஸ் மூன்றாவது வகை. அங்கே ஹேண்ட்லர் வேறொரு பிராசஸில் இருக்கிறது. ஒவ்வொரு சிஸ்டம் காலுக்கும் நுழையும்போது ஒரு முறை, வெளியேறும்போது ஒரு முறை உங்கள் த்ரெட் நிறுத்தப்பட்டு, கண்காணிக்கும் பிராசஸ் எழுப்பப்பட்டு, அது பார்த்து முடித்து அனுமதித்த பிறகே நகர்கிறது. சேவை தவழ்ந்ததில் வியப்பில்லை. அந்த அனுபவத்தை வைத்து யூப்ரோப்பை எடைபோட வேண்டாம். அதில் பிராசஸ் மாற்றம் கிடையாது.

மூன்றாம்வளையம்

பிராசஸ் மாற்றம் கிடையாது என்பது சரி. அதற்காக மலிவு என்று நினைத்துவிடாதீர்கள். எக்ஸ்86 வகை சிபியுவில் யூப்ரோப் தட்டுப்பட்டால் என்ன நடக்கிறது என்று நெருங்கிப் பாருங்கள்.

நீங்கள் குறித்த கட்டளையின் முதல் பைட்டைக் கெர்னல் சிசி என்ற ஒற்றை பைட்டால் மாற்றிவிடுகிறது. அதுதான் பிரேக்பாயிண்ட் கட்டளை. அந்த நினைவகப் பக்கம் பல பிராசஸ்களுக்குப் பொதுவாக இருந்ததால், உங்களுடையதற்கு மட்டும் தனிப் படி எடுத்து அதில் எழுதுகிறது. த்ரெட் அங்கே வந்ததும் பொறியில் சிக்கிக் கெர்னலுக்குள் போகிறது. கெர்னல் இது எந்த ப்ரோப் என்று தேடி, ஹேண்ட்லரை ஓட்டுகிறது. ஆனால் மூலக் கட்டளை இன்னும் நிறைவேறவில்லை. அதன் படியொன்று உங்கள் பிராசஸின் முகவரி வெளியிலேயே ஒதுக்கப்பட்ட ஒரு சின்னத் தனியிடத்தில் வைக்கப்பட்டிருக்கும். த்ரெட்டை அங்கே அனுப்பி, ஒரே ஒரு கட்டளையை மட்டும் நிறைவேற்றச் சொல்லி, முடிந்ததும் இன்னொரு பொறி. மறுபடி கெர்னல். பிறகுதான் பழைய பாதை.

ஆக ஒரு தட்டுக்கு இரண்டு முறை கெர்னலுக்குள் போய் வருகிறது. நோப், ஃபங்ஷன் தொடக்கத்தில் வரும் புஷ் போன்ற சில கட்டளைகளின் வேலையைக் கெர்னல் தானே செய்து முடித்துவிடும், அப்போது இரண்டாவது பொறி மிச்சம். எப்படிப் பார்த்தாலும் ஒரு தட்டுக்கு ஒரு மைக்ரோ நொடியை ஒட்டிய செலவு. 2018ல் மெல்ட்டவுன் ஓட்டைக்காகப் பக்க அட்டவணைகளைப் பிரித்த பிறகு, அந்தத் திருத்தம் தேவைப்படும் சிபியுக்களில் கெர்னல் வாசலைக் கடப்பது இன்னும் கூடுதல் விலை.

கணக்குப் போடுங்கள். நொடிக்கு 3 லட்சம் தட்டு, ஒவ்வொன்றும் 1 மைக்ரோ நொடி. ஒரு கோரில் 30 சதவீதம் போயிற்று. எவ்வளவு நேரம் எடுத்தது என்று அளக்க நுழைவிலும் திரும்புதலிலும் ப்ரோப் வேண்டும், ஆக 60. நீங்கள் அளக்கப்போவது கேஷின் வேகத்தையா, அளவுகோலின் எடையையா?

எல்டிடிஎன்ஜி வழியில், நிரலுக்குள்ளேயே வைத்த டிரேஸ்பாயிண்ட் (முன்பே எழுதிவைத்த கண்காணிப்புப் புள்ளி) நேரே பகிர்வு நினைவகத்தில் உள்ள வளைய இடையகத்தில் எழுதிவிடும். சிஸ்டம் கால் இல்லை, பொறி இல்லை. நூறு, இருநூறு நானோ நொடி என்ற அளவிலேயே முடியும். நினைவகம் பகிர்வில் இருப்பதால் உங்கள் பிராசஸ் திடீரென்று செத்தாலும் கடைசி நிகழ்வுகள் கைக்குக் கிடைக்கும்.

பழையசோலாரிஸ்

இந்தச் சண்டைக்கு இருபது வயது தாண்டிவிட்டது. சோலாரிஸ் 10 இயங்குதளத்துடன் 2005ல் டிடிரேஸ் என்ற கண்காணிப்புக் கருவி வெளிவந்தபோதே இதே கேள்வி. பயனர் நிரலின் எந்தக் கட்டளையிலும் ப்ரோப் வைக்கலாம் என்று கொடுத்தார்கள். ஆனால் அதற்கென உள்ள டி மொழியில் நீங்கள் எழுதும் நிரல் கெர்னலுக்குள்தான் ஓடும். சோம்பலில் எடுத்த முடிவல்ல அது. உற்பத்தியில் ஓடும் சேவையகத்தில், அதை எழுதாத ஒருவர், முன்கூட்டித் திட்டமிடாமல் ப்ரோப் வைக்கிறார். அந்த ஆள் எவ்வளவு தவறாக எழுதினாலும் சேவை சாகக் கூடாது. இதுதான் முதல் விதி.

ஈபிபிஎஃப்பின் சரிபார்ப்பியும் அதே மரபுதான். நிரல் முடிவுக்கு வருமா, அனுமதியில்லாத நினைவகத்தைத் தொடுமா என்று ஏற்றும்போதே பார்த்து, ஐயமிருந்தால் மறுத்துவிடும். அதற்குக் கிடைக்கும் ஸ்டாக் (தற்காலிக வேலை நினைவகம்) 512 பைட்தான். எரிச்சலாக இருக்கும், தெரியும். அந்த எரிச்சலுக்குத்தான் நீங்கள் இரவில் தூங்குகிறீர்கள்.

பிராசஸுக்குள் நூலகம் ஏற்றுவதன் மறுபக்கத்தை நண்பர் மூன்றாம்வளையம் சொல்லவில்லை. ஓடிக்கொண்டிருக்கும் ஃபங்ஷனுக்குள் தாவல் கட்டளை செருக ஐந்து பைட் வேண்டும். அங்கே இரண்டு மூன்று கட்டளைகள் இருக்கலாம். நீங்கள் எழுதும் வேளையில் இன்னொரு த்ரெட் இரண்டாவது கட்டளையின் வாசலில் நிற்கலாம். எங்கிருந்தோ ஒரு கிளை நேரே மூன்றாவதற்குத் தாவலாம். அதையெல்லாம் ஆராய்ந்து, முதலில் ஒற்றை பைட் பிரேக்பாயிண்ட், பிறகு மீதி பைட்டுகள், கடைசியில் முதல் பைட், இடையிடையே எல்லா கோர்களும் புதிய கட்டளைகளைப் பார்த்துவிட்டன என்ற உறுதி என்று படிப்படியாகச் செய்ய வேண்டும். நல்ல கருவிகள் செய்கின்றன. ஆனால் தவறினால் சாவது உங்கள் கட்டணச் சேவை.

ஹேண்ட்லருக்குள்ளும் பள்ளம் உண்டு. மால்லாக் (நினைவகம் ஒதுக்கும் ஃபங்ஷன்) மீது ப்ரோப் வைத்துவிட்டு ஹேண்ட்லரில் மால்லாக் அழைத்தால் தன் வாலைத் தானே கடிக்கும். சேவை வைத்திருக்கும் அதே பூட்டை ஹேண்ட்லர் கேட்டால் இருவரும் நின்றுபோவார்கள். அதற்கு மேல், டிரேஸ் இடையகம் கண்காணிக்கப்படும் பிராசஸின் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது. வேகம் அளக்க அது போதும். தணிக்கைக்கு அந்தப் பதிவை நம்ப முடியாது.

மூன்றாம்வளையம்

> உற்பத்தியில் ஓடும் சேவையகத்தில், அதை எழுதாத ஒருவர், முன்கூட்டித் திட்டமிடாமல் ப்ரோப் வைக்கிறார்.

இங்கே கேட்டிருப்பவர் நிரலை எழுதியவர். கம்பைலர் அவர் கையில் இருக்கிறது. ஓடும் நிரலைக் கிழித்துத் தைக்கச் சொல்லி நான் எங்கே சொன்னேன்? கம்பைல் செய்யும்போதே டிரேஸ்பாயிண்ட் வையுங்கள் என்றேன். எல்எல்விஎம் பயன்படுத்தினால் எக்ஸ்ரே என்ற வசதி உண்டு. ஃபங்ஷனின் வாயிலிலும் வெளியேறும் இடத்திலும் காலிக் கட்டளைகளை முன்பே விட்டுவைக்கும், வேண்டும்போது மட்டும் அங்கே அழைப்பைச் செருகும். கெர்னலின் எஃப்டிரேஸ் தன் ஃபங்ஷன்களுக்குச் செய்துகொள்வதும் இதே வேலைதான். கெர்னலுக்கு நல்லது, நமக்கு ஆபத்து என்றால் எப்படி?

யூப்ரோப்பும் அத்தனை சாது இல்லை. எந்தக் கோப்பில் எத்தனையாவது பைட் என்று நீங்கள் சொல்வதைக் கெர்னல் நம்புகிறது. அந்த இடத்தில் படிக்கக்கூடிய கட்டளை இருக்கிறதா என்று பார்க்குமே தவிர, அது உண்மையில் ஒரு கட்டளையின் தொடக்கம்தானா என்று அதற்குத் தெரியாது. பழைய பைனரியின் குறியீட்டு அட்டவணையை வைத்துப் புதிய பைனரியில் ப்ரோப் வைத்துப் பாருங்கள். ஒரு நீளமான கட்டளையின் நடுவயிற்றில் சிசி பைட் விழும். சரிபார்ப்பி உங்கள் ஹேண்ட்லரைத்தான் காக்கும், சேவையை அல்ல.

கோ_நிரலாளர்

குறுக்கே வருகிறேன். உங்கள் கன்டெய்னரில் துணைச் சேவை எதுவும் கோ மொழியில் இருந்தால் யூரெட்ப்ரோப் வைக்காதீர்கள். திரும்புதலைப் பிடிக்க அது ஸ்டாக்கில் உள்ள திரும்பு முகவரியை எடுத்துவிட்டுத் தன் முகவரியை வைக்கிறது. கோ ரன்டைம் கோரூட்டினின் (கோவின் இலகுவான த்ரெட்) ஸ்டாக் பெரிதாக வேண்டியிருந்தால் அதைப் புது இடத்துக்குப் பெயர்க்கும். பெயர்க்கும்போது ஒவ்வொரு ஃபிரேமாக நடந்து திரும்பு முகவரிகளைப் பார்க்கும். தனக்குத் தெரியாத முகவரி ஒன்று குந்தியிருந்தால் அந்த இடத்திலேயே பிராசஸைக் கொன்றுவிடும். சோதனையில் ஸ்டாக் வளராவிட்டால் பிழை தெரியாது, உற்பத்தியில்தான் வெடிக்கும்.

வழக்கமான மாற்றுவழி, ஃபங்ஷனைப் பிரித்துப் படித்து அதில் உள்ள ஒவ்வொரு ரெட் (திரும்பும்) கட்டளை மீதும் சாதாரண யூப்ரோப் வைப்பது. இன்னொன்று: 2021ல் வந்த கோ 1.17 முதல் அளபுருக்கள் ரெஜிஸ்டர்களில் போகின்றன. அதற்கு முன் எழுதிய ப்ரோப் நிரல்கள் ஸ்டாக்கில் தேடிக் குப்பையை எடுத்துவரும்.

எட்டுகோர்

பயனுள்ள எச்சரிக்கை. நான் கெர்னல் பக்கத்துக்கு ஒரு வாதம் சேர்க்கிறேன். அதற்குப் பாதுகாப்புடன் தொடர்பில்லை. சேவை இழுக்கும்போது சிபியு நிதானமாக இருக்கிறது என்றார். அப்படியென்றால் த்ரெட் ஓடவில்லை, எதற்காகவோ காத்திருக்கிறது. காத்திருக்கும் த்ரெட்டைப் பற்றிப் பிராசஸுக்குள் இருக்கும் ஹேண்ட்லருக்கு என்ன தெரியும்? "உள்ளே போனேன், நாற்பது மில்லி நொடி கழித்து வந்தேன்" என்பது மட்டும் தெரியும். யார் எழுப்பினார்கள், வட்டுக்காகத் தூங்கினேனா, பூட்டுக்காகவா, ஒதுக்கீடு தீர்ந்து சிகுரூப் (கன்டெய்னரின் வள வரம்பு) கட்டிப்போட்டதா என்பதெல்லாம், எந்த த்ரெட் எப்போது ஓடும் என்று தீர்மானிக்கும் கெர்னலின் ஷெட்யூலருக்குத்தான் தெரியும். அங்கே நிலையான டிரேஸ்பாயிண்ட்கள் இருக்கின்றன, ஒரு தட்டுக்குச் சில பத்து நானோ நொடிதான். கூட்டிக் கழிப்பதையும் கெர்னலுக்குள்ளேயே முடித்து, கடைசியில் ஒரு பரவல் அட்டவணையை மட்டும் வெளியே எடுக்கலாம்.

எதிர்ப் பக்கத்தில் வைக்க வேண்டிய எடுத்துக்காட்டு டிஎல்எஸ் என்ற மறையாக்க நெறிமுறை. சாக்கெட் வழியாகப் போவதை டிசிபி அனுப்பும் ஃபங்ஷனில் கேப்ரோப் வைத்துப் பிடித்தால் மறையாக்கிய பைட்டுகள்தான் கிடைக்கும். ஓப்பன்எஸ்எஸ்எல் நூலகத்தின் எஸ்எஸ்எல்_ரைட் மீது யூப்ரோப் வைத்தால் கோரிக்கை முழுசாகத் தெரியும். கோரிக்கை என்ற ஒன்று இருப்பதே கெர்னலுக்குத் தெரியாது. ஆகவே நடும் இடம் பயனர்வெளியாக இருந்தே தீர வேண்டிய வேலைகள் உண்டு.

அங்கும் ஒரு குறை. கெர்னலில் ஓடும் சாதாரண ஈபிபிஎஃப் ஹேண்ட்லர் பக்கப் பிழையைத் தாங்காது. நீங்கள் படிக்க நினைக்கும் சரம் அந்த நேரத்தில் நினைவகத்தில் இல்லையென்றால் வாசிப்பு பிழையோடு திரும்பும், காலிச் சரம்தான் மிஞ்சும். தூங்க அனுமதிக்கப்பட்ட யூப்ரோப் நிரல்கள் 6.0 கெர்னலில் வந்த பிறகு இதற்கு வழி பிறந்தது. பிராசஸுக்குள் ஓடும் ஹேண்ட்லருக்கு இந்தத் தொல்லையே இல்லை. சுட்டியைப் பின்தொடர்ந்து போனால் போதும்.

சேவையகக்காரன்

அனைவருக்கும் நன்றி. அனுமதி பற்றி யாரும் தொடவில்லையே? முழு ரூட் கொடுக்க மாட்டார்கள். இன்னொன்று, ஒரே இமேஜிலிருந்து எட்டு கன்டெய்னர்கள் ஓடுகின்றன. ஒன்றில் மட்டும் ப்ரோப் வைக்க முடியுமா?

பழையசோலாரிஸ்

5.8 கெர்னலில் ரூட்டின் பெரிய சாவிக்கொத்திலிருந்து இரண்டு சாவிகளைப் பிரித்துக் கொடுத்தார்கள்: கேப்_பிபிஎஃப், கேப்_பெர்ஃப்மான். டிரேசிங்குக்கு இவை இரண்டும் பொதுவாகப் போதும். ஆனால் பாதுகாப்புப் பிரிவிடம் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். இந்த இரண்டும் உள்ளவர் கெர்னல் நினைவகத்தைப் படிக்கலாம், அந்த இயந்திரத்தின் எந்தப் பிராசஸின் ரகசியத்தையும் எட்டிப் பார்க்கலாம். கன்டெய்னருக்குள் கொடுக்காதீர்கள், ஹோஸ்ட்டில் ஒரு கணக்குக்கு மட்டும் கொடுக்கச் சொல்லுங்கள். பயனர்வெளி வழியில் இந்தப் பேச்சே எழாது என்பதை ஒப்புக்கொள்கிறேன்: தன் பிராசஸைத் தானே கவனிக்க யாரிடமும் சாவி கேட்க வேண்டியதில்லை.

யூப்ரோப் பதிவாவது கோப்பின் ஐநோட் (கோப்பு முறைமையில் கோப்பின் அடையாளம்) மீது, பிராசஸ் மீதல்ல. பிராசஸ் எண் கொடுத்து வடிகட்டாவிட்டால் அந்தக் கோப்பை மேப் செய்த அத்தனை பேருக்கும் பிரேக்பாயிண்ட் விழும், நாளை புதிதாகத் தொடங்கும் பிராசஸ் உட்பட. சி நூலகத்தின் மால்லாக் மீது வடிகட்டாமல் வைப்பவர் இயந்திரம் முழுவதையும் தண்டிக்கிறார். எண் கொடுங்கள்.

மட்டுறுத்துநர்

கெர்னல் மாட்யூலா ஈபிபிஎஃப்பா என்று தொடங்கிய பதினொரு பதிவுகள் தனி இழைக்கு மாற்றப்பட்டுள்ளன. இங்கே கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் எழுதவும்.

எட்டுகோர்

புதிய கெர்னலுக்கு மாற வாய்ப்பிருந்தால் கணக்கு கொஞ்சம் மாறும். 6.11ல் 64 பிட் எக்ஸ்86க்கு யூரெட்ப்ரோப்பின் பிரேக்பாயிண்டை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு தனி சிஸ்டம் காலை வைத்தார்கள். சிஸ்டம் கால் பொறியைவிட விலை குறைவு என்பதே காரணம். பல த்ரெட்கள் ஒரே ப்ரோப்பில் மோதும்போது பூட்டுக்காக வரிசையில் நிற்பதையும் 2024ல் வந்த திருத்தங்கள் வெகுவாகக் குறைத்தன. உங்கள் 6.8ல் இவை இல்லை.

6.11ஐ அப்படியே ஏற்றவும் வேண்டாம். அனுமதித்த சிஸ்டம் கால்களை மட்டும் விடும் கன்டெய்னரின் செக்காம்ப் வடிகட்டிக்கு அந்தப் புது சிஸ்டம் காலைத் தெரியாது. தடுத்துவிடும், நிரல் செத்துவிடும். உங்கள் நிரல் தானாக அழைக்காத சிஸ்டம் காலுக்காகச் சாவது பரிதாபம். பின்னர் வந்த கெர்னல்களில் செக்காம்ப் அதைக் கண்டுகொள்ளாமல் விடும்படி திருத்தினார்கள்.

இரண்டு கட்சிகளையும் சமாதானப்படுத்தும் பிபிஎஃப்டைம் என்ற திட்டமும் உண்டு: ஈபிபிஎஃப் நிரலையே பிராசஸுக்குள் ஓட்டுகிறது, யூப்ரோப்பைவிடப் பத்து மடங்கு வரை வேகம் என்று அதை எழுதியவர்கள் சொல்கிறார்கள். கட்டணச் சேவையில் போட்டுப் பழகும் முன் வேறெங்காவது பழகுங்கள்.

சேவையகக்காரன்

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். எட்டுகோர் சொன்னபடி முதலில் கேஷைத் தொடவே இல்லை. ஹோஸ்ட்டிலிருந்து, பத்து மில்லி நொடிக்கு மேல் தூங்கிய த்ரெட்களின் ஸ்டாக்கை மட்டும் ஷெட்யூலர் டிரேஸ்பாயிண்டில் சேகரித்தோம். ஃபிரேம் பாயிண்டரோடு (ஸ்டாக்கைப் பின்தொடர உதவும் சுட்டி) கம்பைல் செய்யாததால் முதலில் பாதி ஸ்டாக் முகவரியே இல்லாமல் வந்தது. அதற்கான ஒற்றைக் கம்பைலர் கொடியைச் சேர்த்து மறுபடி ஏற்றிய பிறகு தெளிவாகத் தெரிந்தது. எல்லாம் ஒரே ஃப்யூடெக்ஸில் (பூட்டுக்காகக் காத்திருக்க உதவும் கெர்னல் வசதி) நிற்கின்றன. பூட்டு தணிக்கைப் பதிவு எழுதும் வகுப்புக்குச் சொந்தம்.

பூட்டைப் பிடித்திருப்பவர் யார் என்று பார்க்க, பதிவுக் கோப்பைச் சுழற்றும் ஃபங்ஷனில் ஒரு யூப்ரோப் வைத்தோம். அது நிமிடத்துக்குச் சில முறைதான் அழைக்கப்படுகிறது, செலவைப் பற்றி யோசிக்கவே வேண்டியதில்லை. பூட்டைக் கையில் வைத்துக்கொண்டே எஃப்சிங்க் (தரவை வட்டில் எழுதி முடிக்கும்வரை காத்திருக்கும் அழைப்பு) அழைக்கிறது. வட்டு பதில் சொல்லும்வரை மற்ற எல்லோரும் வரிசையில். எஃப்சிங்க்கைப் பூட்டுக்கு வெளியே நகர்த்தினோம், இழுத்தடித்த கோரிக்கைகளின் வால் சுருங்கிவிட்டது. நொடிக்கு மூன்று லட்சம் முறை ஓடும் ஃபங்ஷனில் ப்ரோப் வைக்கவே தேவைப்படவில்லை.

மூன்றாம்வளையம்

மகிழ்ச்சி. ஆனால் இது கெர்னல் கட்சியின் வெற்றி என்று யாரும் கொடி ஏற்ற வேண்டாம். காத்திருப்பு என்பதால் ஷெட்யூலர் காட்டிக்கொடுத்தது. நாளை கேஷிலேயே ஹாஷ் மோதல் வந்து ஐந்து மைக்ரோ நொடி வேலை ஐம்பது ஆகும். த்ரெட் தூங்காது, ஷெட்யூலருக்கு ஒன்றும் தெரியாது. அப்போது அந்தச் சூடான பாதையில்தான் கை வைக்க வேண்டியிருக்கும். இப்போதே அங்கே யூஎஸ்டிடி ப்ரோப்கள் (கம்பைல் செய்யும்போதே நிரலில் குறித்துவைக்கும் நிலையான ப்ரோப்கள்) வைத்துவிடுங்கள். யாரும் கேட்காதவரை ஒரு நோப் கட்டளைதான் செலவு; இடமும் அளபுருக்களும் பைனரியின் குறிப்புப் பகுதியில் பதிந்திருக்கும், பழைய அட்டவணையால் நடுவயிற்றில் குத்தும் ஆபத்தும் போகும். நோப் என்பதால் இரண்டாவது பொறியும் கிடையாது.

சேவையகக்காரன்

வைக்கப்போகிறோம். ப்ரோப்புக்குக் கொடுக்கும் அளபுருவைத் தயாரிக்கவே சில இடங்களில் செலவாகிறது, அதனால் செமஃபோர் (எத்தனை கருவிகள் கவனிக்கின்றன என்ற எண்ணி) வைத்து, யாராவது கவனித்தால் மட்டும் தயாரிக்கும்படி எழுதுகிறோம். ஒரே ஐயம்: கவனிக்கும் கருவியை யாராவது கில் -9 அடித்துவிட்டால் அந்தச் செமஃபோர் எண்ணிக்கை குறையாமல் அப்படியே நின்றுவிடாதா?

பழையசோலாரிஸ்

முன்பு நின்றது. கருவியே உங்கள் பிராசஸின் நினைவகத்தில் எழுதி எண்ணிக்கையை ஏற்றும். அது அடிபட்டுச் செத்தால் இறக்க ஆள் இல்லை, சேவையை மறுபடி தொடங்கும்வரை அளபுருக்களை வீணாகத் தயாரித்துக்கொண்டிருக்கும். 4.20 கெர்னலிலிருந்து யூப்ரோப்பைப் பதியும்போதே செமஃபோர் இருக்கும் இடத்தையும் சொல்லிவிடலாம். ஏற்றுவதும் இறக்குவதும் கெர்னலின் பொறுப்பு. கருவி எப்படிச் செத்தாலும் அதன் கோப்புக் கைப்பிடி மூடப்படும், ப்ரோப் விலகும், எண்ணிக்கை இறங்கும். நீங்கள் பயன்படுத்தும் கருவி இந்தப் புதிய வழியில்தான் பதிகிறதா என்று மட்டும் பாருங்கள். கருவியை இணைத்து, கில் -9 அடித்து, ஜிடிபி என்ற பிழைதேடும் கருவியில் அந்த மாறியைப் படித்தால் சுழி வர வேண்டும்.